ஆற்றுக்கே திரும்பி வந்த பை

விக்கிரமசிங்கபுரத்தில் நஃபீஸத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவள் குரலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. கணவன் நாசரின் சைக்கிள் கடையில் காற்றடிக்க வந்து நிற்பவன், பின்கட்டில் அவள் யாரையோ ஏசுவதைக் கேட்டுவிட்டு இரண்டு சக்கரத்துக்குப் பதில் ஒரு சக்கரத்துக்கு மட்டும் காற்றடித்துக்கொண்டு போய்விடுவான். அவள் ஏசுவது பெரும்பாலும் நூலை, ஊசியை, மின்சார வாரியத்தை. தையல்காரி. சட்டையின் கைக்குழியைத் தப்பாக வெட்டியவனைக் கொலைகாரனைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு ஓர் ஆசை இருந்தது. அவள் தைத்த பையை இந்த ஊரில் யாராவது ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்க வேண்டும். கேட்டால் சின்ன ஆசைதான். அது நடப்பதற்குள் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு ஆள் வந்து போக வேண்டியதாகிவிட்டது.

கதை பாபநாசத்தில் தொடங்குகிறது. அங்கே ஆற்றில் முழுகி எழுபவர்கள், உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேறுவார்கள். துணியோடு தோஷமும் போய்விடும் என்பது நம்பிக்கை. தோஷம் எங்கே போகிறதோ தெரியாது, துணி எங்கேயும் போவதில்லை. பாறை இடுக்கிலும் படித்துறை அடியிலும் சிக்கி, வேட்டியும் சேலையும் பனியனும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடக்கும். துணி போடாதீர்கள் என்று போர்டு வைத்தார்கள். அந்தப் போர்டிலேயே நாலு துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இருக்கும் அருவி அப்பளக் கம்பெனிக்கு ஆற்றின் மேல் அன்பு பிறந்தது. அன்பு தானாகப் பிறக்கவில்லை. லாபத்தில் ஒரு பங்கை ஊர் நன்மைக்குச் செலவழிக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அதற்கு மேல், அவர்களிடம் மொத்தமாக அப்பளம் வாங்கும் ஹாலந்து நாட்டுச் சூப்பர் மார்க்கெட், "நீங்கள் அப்பளம் போடுவதால் பூமிக்கு என்ன நன்மை?" என்று கேட்டுவிட்டது. யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். பதில் சொல்லத்தான் யாராலும் முடியவில்லை. அதற்காகவே கம்பெனியில் தேவசிகாமணி என்று ஒருவரை வேலைக்கு எடுத்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, எப்போதும் பாதி மலர்ந்த சிரிப்பு, கையில் இரண்டு செல்போன். நல்ல மனுஷர்தான். எதையும் கெட்ட செய்தியாகப் பார்க்க மாட்டார் என்பதுதான் அவரிடம் இருந்த ஒரே வியாதி.

அவர் போட்ட திட்டம் இது. பலவேசம் என்ற முங்கு நீச்சல்காரர் ஆற்றில் இறங்கித் துணியை எடுப்பார். எடுத்ததை விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு ஷெட்டில் கொண்டுவந்து போடுவார். அங்கே நஃபீஸத்தும் இன்னும் சில பெண்களும் அதைச் சோடா உப்புப் போட்டு அவித்து, வெயிலில் காயவைத்து, வெட்டி, பையாகத் தைப்பார்கள். பையின் நடுவில் மஞ்சளாக ஒரு வட்டம். அப்பளமாம். பௌர்ணமி நிலா என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அதற்குக் கீழே 'ஆறு நம் தாய்'.

பையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கைப்பிடி சேரும் இடத்தில் நஃபீஸத் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, அதன் மேல் இன்னொரு ஓட்டு ஓட்டுவாள். அரிசி மூட்டையே தூக்கலாம். ஷெட்டும் நன்றாக ஓடியது. ஊர்ப் பஞ்சாலையில் வேலை போன வீட்டுப் பெண்களுக்கு அந்த ஷெட் கூலி மட்டுமல்ல, காலையில் தலைசீவிக் கிளம்பிப் போக ஓர் இடமும் ஆயிற்று. நஃபீஸத்துக்கோ, பிறர் வீட்டு ரவிக்கையை அவர்கள் சொன்ன அளவுக்குத் தைத்தே பழகிய கைக்கு, முதல் முறையாகத் தன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தைத்த சந்தோஷம்.

பைகளை ஊருக்கே இலவசமாகக் கொடுத்தார்கள். மேடை, மாலை, மைக் எல்லாம் உண்டு. நஃபீஸத்தின் பக்கத்து வீட்டுக்காரர் சிவசண்முகம், ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வுபெற்றவர், பையை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நல்ல காரியம் செய்யுதீயம்மா" என்றார். நஃபீஸத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மறுநாள் காலையில் அவர் கத்தரிக்காய் வாங்கப் போனபோது கையில் பிளாஸ்டிக் கவர் தொங்கியது. சரி, மறந்திருப்பார். அதற்கு மறுநாளும் கவர்தான். ஒரு வாரம் அவள் மார்க்கெட்டில் நின்று பார்த்தாள். வயர்க்கூடை போயிற்று, உரச்சாக்கு போயிற்று, ஒருத்தி சேலை முந்தானையிலேயே வெங்காயத்தை முடிந்துகொண்டு போனாள். மஞ்சள் வட்டம் மட்டும் கண்ணில் படவில்லை.

பட்டது ஷெட்டில்தான். பலவேசம் அன்றைக்கு எடுத்துவந்த ஈரத்துணிக் குவியலைக் கொட்டியபோது, வேட்டிக்கும் பாவாடைக்கும் நடுவில் ஒரு நிலா எட்டிப் பார்த்தது. நஃபீஸத் இழுத்தாள். கைப்பிடியில் கட்டம், கட்டத்துக்குள் பெருக்கல் குறி.

"இது எப்படிவே ஆத்துக்குள்ள போச்சு?"

பலவேசம் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "எப்படிப் போகும்? ஆளு கொண்டுவந்து விடுதான். நேத்தே நாலஞ்சு கெடந்துச்சு. நீங்க வருத்தப்படுவீயன்னு வேட்டிக்குள்ள சுருட்டி வச்சேன்."

"விட்டது யாரு?"

"ஒருத்தர் பேரச் சொன்னா மத்தவங்க கோவிச்சுக்கிடுவாங்க. எல்லாருந்தான் விடுதாங்க. யாரோ விட்ட தோஷத்தை நாம ஏன் வீட்டுக்குள்ள வச்சிருக்கணும்னு சொல்லுதாங்க. உங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி மட்டும் கொஞ்சம் மரியாதையா, பூப் போட்டு விட்டாரு."

நஃபீஸத்துக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. செல்போனை எடுத்துத் தேவசிகாமணியைக் கூப்பிட்டு ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். தேவசிகாமணி மெதுவாகக் கேட்டார், "அப்போ ஆத்துல எடுக்குற துணி எடை கூடியிருக்குமேக்கா?"

"கூடாம? நனைஞ்ச பையெல்லாம் சேந்துல்லா இருக்கு!"

"ரொம்பச் சந்தோஷம்க்கா" என்றார் தேவசிகாமணி, மனசார.

அதற்குப் பிறகு ஷெட்டில் நடந்ததை வெளியே சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆற்றிலிருந்து வந்த பையைப் பிரித்து, அவித்து, மறுபடியும் பையாகத் தைத்தார்கள். அதை மறுபடியும் கொடுத்தார்கள். ஊர் மறுபடியும் இரண்டு கையாலும் வாங்கி மறுபடியும் ஆற்றில் விட்டது. கம்பெனி அறிக்கையில் எடுத்த துணியின் எடை ஏறிக்கொண்டே போயிற்று, கொடுத்த பையின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போயிற்று. சென்னையில் ஒரு ஹோட்டலில் கம்பெனிக்கு விருது கொடுத்தார்கள். விருது வாங்கிவந்த தேவசிகாமணியின் கார் டிக்கியில் அவருக்குக் கொடுத்த பை கிடந்தது. அவர் மனைவி சாலோமி அதை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். "நாங்க இதெல்லாம் நம்புறவங்க இல்லக்கா. இருந்தாலும் எதுக்கு வம்புன்னு சொல்லுதா" என்றார்.

நஃபீஸத் சிரித்தாள். ஊரையே பார்த்துச் சிரித்தாள். "துணிக்கு என்னவே தெரியும்? துணி துணிதான்" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னாள்.

இப்படியிருக்கையில் அந்த ஹாலந்துச் சூப்பர் மார்க்கெட்டிலிருந்து மார்லீன் என்ற அம்மாள் நேரில் வருவதாகச் செய்தி வந்தது. விருதெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஊர் மக்கள் பையைப் பயன்படுத்துவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

தேவசிகாமணியின் சிரிப்பு முதல் முறையாக மூடிக்கொண்டது. ஊரில் யார் வீட்டிலும் பை கிடையாது. இருப்பதெல்லாம் ஆற்றில் கிடக்கிறது. பலவேசத்தை இறக்கி அவசரம் அவசரமாக எடுத்தார்கள், துவைத்தார்கள், இஸ்திரி போட்டார்கள். ஒரு மணி நேரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பையை மாட்டிக்கொண்டு நடமாட ஆள் வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். ஊர் நல்ல ஊர். முடியாது என்று முகத்தில் அடிக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. மாட்டி முடித்ததும் பாபநாசத்துக்குக் கூட்டிப்போய் முழுகவிட வேண்டும். கம்பெனி வேன் பிடித்தது. எல்லாருக்கும் அப்பளம் போட்ட டீஷர்ட்டும் கொடுத்தது.

மார்லீன் வந்தாள். ஆறடி உயரம், வெயிலில் சிவந்த மூக்கு. பஸ் ஸ்டாண்டில் ஆணும் பெண்ணும் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அது உடம்பில் படாதபடி கையை அகட்டி வைத்துக்கொண்டு, இங்கனயும் அங்கனயும் நடந்தார்கள். மணி ஆனதும் அத்தனை பேரும் ஓடிப்போய் வேனில் ஏறினார்கள். எங்கே போகிறார்கள் என்று மார்லீன் கேட்டுத் தொலைத்தாள். காரில் பின்னாலேயே போனாள். அவள் கண் முன்னாலேயே ஊர் ஆற்றில் முழுகியது, பையை விட்டது, கூடவே டீஷர்ட்டையும் விட்டது. மஞ்சள் அப்பளங்கள் வரிசையாக மிதந்துபோயின. பலவேசம் பழக்க தோஷத்தில் பின்னாலேயே குதித்துவிட்டார்.

"நன்றிக்கடனா தாய்க்குத் திருப்பிக் குடுக்காங்கன்னு சொல்லியிருக்கேன்க்கா" என்று தேவசிகாமணி நஃபீஸத்தின் காதில் கிசுகிசுத்தார்.

மார்லீன் முட்டாள் இல்லை. நஃபீஸத்தின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். தேவசிகாமணி தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். "நீங்க இந்தப் பையைப் பயன்படுத்துறீங்களான்னு கேக்காங்க."

நஃபீஸத்தின் கையில் அவளுடைய மதியச் சாப்பாடு இருந்தது. ஒரு ஜவுளிக்கடை பிளாஸ்டிக் கவரில்.

அவள் அதை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். போன மாதம் மகள் தஸ்லிமாவைத் தலைப்பிரசவத்துக்கு மேலப்பாளையத்திலிருந்து அழைத்துவந்தபோது, பிறக்கப்போகும் பிள்ளைக்கான துணிகளை அடுக்க அவள் முதலில் எடுத்தது இந்தப் பையைத்தான். கை அப்படியே நின்றுவிட்டது. யாரோ எந்தத் துக்கத்தில் விட்டுப்போன துணியோ, பச்சைப் பிள்ளைக்கு எதற்கு என்று ஒரு நினைப்பு வந்தது. பையை வைத்துவிட்டுக் கவரை எடுத்தாள். ஊரையெல்லாம் பார்த்துச் சிரித்தவள்தான். அதை நினைக்க இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது.

மார்லீன் போகும்போது கறாராகச் சொல்லிவிட்டுப் போனாள். மழைக்காலம் கழித்து மறுபடியும் வருவாள். வேன் கூடாது, டீஷர்ட் கூடாது. ஊர் தானாகப் பையைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் அவள் சூப்பர் மார்க்கெட் இந்த ஷெட்டுக்குக் கொடுக்கும் பணம் வேறொரு நாட்டில் ஆமைகளைக் காப்பாற்றும் திட்டத்துக்குப் போய்விடும். ஷெட்டில் இருந்த பெண்கள் ஆமைகளை அவரவருக்குத் தெரிந்த அளவு திட்டினார்கள்.

அடுத்த வாரம் தஸ்லிமாவுக்கு வண்ணார்பேட்டையில் ஸ்கேன் எடுக்க வேண்டியிருந்தது. நஃபீஸத் வீம்புக்காகவே அந்தப் பையை எடுத்தாள். தண்ணீர் பாட்டில், மருந்துச் சீட்டு, வாழைப்பழம் எல்லாவற்றையும் அதில் போட்டாள். பஸ் வந்தது. கூட்டம் படியில் மொய்த்தது. நிறைமாதக்காரியை வைத்துக்கொண்டு முண்ட முடியுமா? எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஜன்னல் வழியாகப் பையை எறிந்து இடம் போட்டாள்.

துண்டு போட்டு இடம் பிடித்தால் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சண்டை போடுகிற ஊர் இது. அந்த ஸீட்டில் உட்காரப் போன ஒரு வாலிபன் பாதி குனிந்தவன், மஞ்சள் வட்டத்தைப் பார்த்ததும் தேள் கொட்டியவன் மாதிரி துள்ளி எழுந்தான்.

"ஏலே, பாபநாசத்துப் பைலே!"

அவன் மட்டுமா? பக்கத்து ஸீட்டில் இருந்தவரும் எழுந்துபோனார். தாயும் மகளும் தாராளமாக உட்கார்ந்துகொண்டார்கள். நெரிசலில் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்த அந்தப் பஸ்ஸில், அவர்களைச் சுற்றி மட்டும் காற்று வந்தது.

மூன்று பேருக்கு இரண்டு ஸீட்டில் இடம் கிடைத்த கதை சேரன்மகாதேவி போவதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. மூன்றாவது ஆள் வயிற்றில் இருந்தது.

அதன் பிறகு ஷெட்டு வாசலில் கூட்டம். பை வேண்டும், உடனே வேண்டும். பஸ்ஸில் இடம் போட வேண்டும், ரேஷன் கடை வரிசையில் வைக்க வேண்டும், வாசலில் நிற்கும் பைக்கில் தொங்கவிட வேண்டும். நாசர்கூட ஜும்மாவுக்குப் போகும்போது புதுச் செருப்பின் மேல் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். தொழுதுவிட்டு வந்து பார்த்தால் செருப்பு அப்படியே இருந்தது. சிவசண்முகமும் வந்தார்.

"ஒரு பை குடும்மா. நல்லா... கொஞ்சம் கடுமையான துணியில தச்சதா இருந்தா நல்லது."

"கடுமைன்னா?"

"கோர்ட்டு கேஸ்ல தோத்தவன் சட்டை, அந்த மாதிரி. அதுக்குத்தான் பயப்படுவான்."

நஃபீஸத் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் ஒரு கோடு போட்ட சட்டைத் துணிப் பையைக் கொடுத்தாள். யாருடைய சட்டையோ. பையை மாட்டிக்கொண்டு போகிறவர்களைத் தெருவெல்லாம் பார்த்தாள். ஆசைப்பட்டது நடந்துவிட்டது. ஆனாலும் மனசு நிறையவில்லை. நாய் இருக்கிறது ஜாக்கிரதை என்று போர்டு மாட்டுவது போலத்தான் மாட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே ஒரு கத்தரிக்காய்கூடக் கிடையாது.

மழைக்காலம் கழிந்தது. தஸ்லிமாவுக்கு ஆண்பிள்ளை பிறந்து நாற்பது நாள் கழிந்து, மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோய் விடும் நாள் வந்தது. மார்லீன் வந்ததும் அதே நாளில்தான். இந்தத் தடவை அவள் காரில் ஏற மறுத்துவிட்டு, மக்களோடு பஸ்ஸில்தான் வருவேன் என்று தேவசிகாமணியோடு பஸ் ஸ்டாண்டில் நஃபீஸத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

பஸ் வந்து நின்றதும் ஜன்னல்கள் வழியாக நாலா பக்கமும் பைகள் பறந்தன. மார்லீன் கண்கள் விரியப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் வட்டம். தேவசிகாமணிக்குத் தரையில் கால் நிற்கவில்லை.

ஏறிப் பார்த்தால் ஒவ்வொரு ஸீட்டிலும் ஒரு பை. சிலதில் இரண்டு. எந்தப் பை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை, எல்லாம் ஒரே நிலா. தப்பித்தவறி அடுத்தவன் பையைத் தொட்டுவிட்டால் அவன் கேட்டு வாங்கிய 'கடுமை' எதுவோ யார் கண்டது? ஆகவே யாரும் தொடவில்லை. ஊரே நின்றது. பைகள் உட்கார்ந்திருந்தன.

"உக்காருங்கய்யா! எல்லா ஸீட்டும் காலியாத்தானே கெடக்கு?" என்று கண்டக்டர் கத்தினார். ஒருவரும் அசையவில்லை. கண்டக்டரும் தொடவில்லை. பஸ் கிளம்பியது.

ஏன் நிற்கிறார்கள் என்று மார்லீன் கேட்டாள். தேவசிகாமணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு நஃபீஸத்திடம் மெல்லச் சொன்னார். "பைக்கு மரியாதைன்னு சொல்லியிருக்கேன். திருநெல்வேலி வரைக்கும் இப்படியே போயிட்டாப் போதும்க்கா. எதையும் தொட்டுறாதீய. இது வெறுந்துணிதான்னு தெரிஞ்சா நாளைக்கே ஒருத்தரும் தூக்க மாட்டாங்க. ஷெட்டு ஆமைக்குப் போயிரும்."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. நஃபீஸத்துக்கு ஷெட்டுப் பெண்களின் முகம் ஒவ்வொன்றாக வந்துபோயிற்று. அம்பாசமுத்திரம் தாண்டியது. வெயில் ஏறியது. கூட்டத்தின் நடுவில் தஸ்லிமா ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் பிள்ளையையும் பிடித்துக்கொண்டு தள்ளாடினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. "உம்மா, கை நடுங்குது. முடியல" என்றாள்.

காலி ஸீட்டுகளைப் பார்த்துக்கொண்டு பச்சைப் பிள்ளைக்காரி நிற்கிறாள். நஃபீஸத்துக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. குனிந்தாள், பக்கத்து ஸீட்டில் இருந்த பையைப் பிடித்துத் தூக்கினாள். பஸ் மொத்தமும் மூச்சைப் பிடித்தது.

"உக்காரு தஸ்லிமா. எல்லாரும் என்ன பாக்குதீய? சோடா போட்டு அவிச்சது நானு. காயவச்சது நானு. தச்சது இந்தக் கை. இதுல தோஷம் ஒட்டியிருந்தா என் கை என்னைக்கோ அழுகிப்போயிருக்கணும். நானும் எம்பேரனுக்கு இதத் தொடப் பயந்தவதான். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன்."

தேவசிகாமணி கண்ணை மூடிக்கொண்டார். தஸ்லிமா உட்கார்ந்து பிள்ளையின் துணியை மாற்றினாள். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நஃபீஸத் அதை வாங்கி, யோசிக்காமல் கையிலிருந்த பைக்குள் போட்டாள்.

"ஏம்மா, ஏம்மா! என்ன காரியம் செய்யுதீய?" பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு சிவசண்முகம் வந்தார். "அது என் பை! கோடு போட்ட சட்டைத் துணி, நல்லாத் தெரியுது எனக்கு. மூத்திரத் துணியக் கொண்டுபோய் என் பையில போடுதீயே! நான் டவுன்ல மளிகைச் சாமான் வாங்கிட்டு வரண்டாமா?"

அவர் பையைப் பிடுங்கினார். ஈரத்துணியை இரண்டு விரலால் எடுத்து நீட்டினார். பையின் உள்பக்கத்தைத் தன் வேட்டி நுனியால் துடைத்தார், மோந்து பார்த்தார், மறுபடியும் துடைத்தார். பிறகு அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு எதிர் ஸீட்டில் கிடந்த பையை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். "அது என்னுது", "ஏளா, அத வை, என் பை நீலக் கைப்பிடி", "மேல இருந்தது என்னுதுவே" என்று பஸ் முழுக்க ஒரே சண்டை. ஆளாளுக்கு எடுத்துப் புரட்டி, இழுத்து, தன்னுடையதைத் தேடிக் கண்டுபிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

மார்லீன் பயந்துபோய், என்ன நடக்கிறது என்று கேட்டாள். தேவசிகாமணி கண்ணைத் திறந்து சுற்றும் முற்றும் பார்த்தார். பொய் சொல்ல வாய் திறந்தவருக்குப் பொய் தேவைப்படவில்லை. அவரவர் பையை அவரவர் கேட்கிறார்கள் என்று சொன்னார்.

சிவசண்முகம் இன்னும் அடங்கவில்லை. "தச்சுக் குடுத்தாச்சுன்னா அது எங்க பைம்மா. இனி உங்க இஷ்டத்துக்குத் தூக்கப்படாது, ஆமா" என்று ஏசிக்கொண்டே வந்தார். வாழ்நாளில் யாரிடமும் ஏச்சு வாங்கிவிட்டுத் திருப்பிப் பேசாமல் இருந்திராத நஃபீஸத், பேரனின் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, சிரிப்பும் அடங்கவில்லை.

"ஏசுங்க அண்ணாச்சி" என்றாள். "இன்னும் நல்லா ஏசுங்க."